அரைக்கட்டை இறங்கிய கிடார்

பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கி, கிடார் தினகரன் வீடு எங்கே என்று கேட்டால் பூக்காரம்மாவிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை யார் வேண்டுமானாலும் கை காட்டிவிடுவார்கள். வெறும் தினகரன் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். இத்தனைக்கும் அவன் கிடார் வாசித்துப் பிழைத்தவன் இல்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து, மிச்சத்தை வாங்கி வைக்கிற வேலை. சனி ஞாயிறு மாலைகளில் மட்டும் கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதம் பிறந்தால் அம்மன் கோயில் கச்சேரி. ஆனாலும் ஊர் அவன் பெயருக்கு முன்னால் கிடாரைத்தான் ஒட்டி வைத்தது. ஒருவனுக்கு எது உயிர் என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் வேலை பார்க்கிற கம்பெனிக்குத்தான் தெரிவதில்லை.

அவனுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. கேட்டுக் கேட்டு, தப்பும் தவறுமாகத் தட்டித் தடவி வாசித்துப் பழகியவன். காது மட்டும் பொல்லாத காது. பக்கத்துத் தெருவில் மிக்ஸி ஓடினால் அது எந்தக் கட்டையில் ஓடுகிறது என்று சொல்லுவான். பாடகர்களின் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது நம் ஊர் வழக்கம், அவனுக்குத் தெரிந்த சங்கீதக் கணக்கும் அது ஒன்றுதான்.

சாவித்திரி அவன் வாசிக்கிற கச்சேரிக் குழுவுக்குப் பாட வந்தது இருபது வருஷத்துக்கு முன்னால். அவளுடைய அப்பா மாயவரம் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவர். பெண் நன்றாகப் பாடுவாள், கூச்சம் அதிகம். திருநின்றவூரில் ஒரு கோயில் கச்சேரி. ஒரு பாட்டில் உச்சத்துக்குப் போகிற இடத்தில் அவள் தொண்டை கட்டிக்கொண்டு குரல் உடைந்துவிட்டது. முன்வரிசையில் சிரித்தார்கள். பத்து பேர் சிரித்தால் ஆயிரம் பேர் சிரித்ததுபோல் கேட்கும், மேடையில் நின்றவர்களுக்கு அது தெரியும். அவள் அந்தப் பாட்டை முடித்தாள். முடித்துவிட்டுப் பின்னால் போய் நின்று அழுதாள்.

அடுத்த வாரம் ஆவடியில் ஒரு ரிசப்ஷன். தினகரன் சீக்கிரமே வந்து கிடாரின் ஆறு கம்பிகளையும் அரைக்கட்டை இறக்கி வைத்தான். கீபோர்டு பாபுவிடம் போய், "மச்சான், நீயும் ஒண்ணு இறக்கிக்கோ. இன்னாத்துக்குன்னு கேக்காத" என்றான். பாபுவுக்கு ஒரு பட்டன் அழுத்துகிற வேலைதான், அழுத்தினான். அன்றைக்குச் சாவித்திரி பாடும்போது எல்லாப் பாட்டும் கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தது. உச்சத்தை அலுங்காமல் தொட்டாள். பாட்டு முடிந்ததும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிக் கிடார்க்காரனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் குனிந்து ஒயரை எதுவோ செய்வதுபோல் பாசாங்கு பண்ணினான். பாபு இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆன பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கச்சேரிக்குக் கிளம்பும் முன் தினகரன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு ம்ம் போடு" என்பான். அவள் தலையில் பூ வைத்துக்கொண்டோ, குழந்தைக்குச் சட்டை போட்டுக்கொண்டோ, வாயைத் திறக்காமல் "ம்ம்ம்" என்று ஒரே சுரத்தில் நிற்பாள். அதற்கு அவன் முதல் கம்பியைச் சேர்ப்பான், மற்ற ஐந்தும் அதைப் பார்த்துச் சேரும். அவள் ம்ம் ஒரு மயிரிழை பிசகியதில்லை. பாபு கீபோர்டில் எத்தனையோ தடவை சரிபார்த்துவிட்டு, "உன் ஊட்ல மெஷின் ஒண்ணு கட்டிகினு வந்துகீற மாமே" என்று சொன்னான். சுருதி சேர்க்கிற கருவியைத் தினகரன் கண்ணால் பார்த்திருக்கிறான், கையால் தொட்டதில்லை. அவனுக்கு எதற்கு அது?

மகள் பவ்யா பத்தாவது படிக்கும்போது சாவித்திரிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் கொஞ்சம் அடங்கித்தான் வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார், அப்படியே வந்தது. பேச்சில் ஒரு கரகரப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. பாட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே விட்டுவிட்டாள். சமையலறையில் முணுமுணுப்பதுகூட நின்றுபோனது. டிவியில் பாட்டுப் போட்டி வந்தால் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வீட்டில் மிச்சம் இருந்த பாட்டு அந்த ஒரு ம்ம் மட்டும்தான். கிடாருக்குக் கம்பி மாற்றினால், சுருதி கலைந்தால், தினகரன் கேட்பான், அவள் போடுவாள். கரகரவென்றுதான் வரும், ஆனால் இடம் தப்பாது. சுருதி கலையாத நாளிலும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. எனக்கு என்னவோ தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

தினகரனுக்கு ஒரு ஆசை உண்டு. கிடாரைப் பகலில் வாசிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க ஆபீஸ் விட்டு வந்து, வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசித்தவனுக்குத்தான் அந்த ஆசையின் கனம் புரியும். காலையில் குளித்துவிட்டுக் கிடாருக்காகவே பஸ் ஏற வேண்டும் என்பது அவன் கனவு. அந்தக் கனவுக்கு ஒரு கதவு போன வருஷம் திறந்தது.

ஆவடியில் ஒரு ரிசப்ஷனில் வாசித்து முடித்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மேடைக்கு அருகே வந்தாள். பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சங்கீதப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள், பெயர் கிருஷ்ணப்பிரியா. "ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க சார். எங்க ஸ்கூல்ல கிடாருக்கு ஆள் தேடறோம். நொட்டேஷன் பார்த்து வாசிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்து வாசிக்கறதுன்னா, மேடம்..."

"கோடு போட்டுப் புள்ளி வச்சிருக்குமே, அது. பசங்க கிரேடு எக்ஸாம் எழுதறாங்க. டீச்சருக்கு அது தெரியாம முடியாது."

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "கத்துக்கிறேன் மேடம். கொஞ்சம் டைம் குடுங்க" என்றுதான் முடிந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் வந்து வாசித்துக் காட்டச் சொன்னாள்.

அன்றே பவ்யாவுக்குப் போன் போட்டான். அவள் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். "நைனா, கிளாசுக்கெல்லாம் போவாத. ஃப்ரீ சாஃப்ட்வேரே கீது" என்றாள். அடுத்த லீவுக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பில் அதை ஏற்றிக் கொடுத்தாள். திரையில் ஐந்து கோடு. அதன் மேல் ஒரு புள்ளி வந்து உட்காரும். அந்தப் புள்ளிக்கு உரிய சுரத்தைக் கிடாரில் வாசித்தால் லேப்டாப் காது கொடுத்துக் கேட்டு, சரியென்றால் பச்சை காட்டும், தப்பென்றால் சிவப்பு. புள்ளிக்குப் பக்கத்தில் சுரத்தின் பெயரை எழுத்திலும் காட்டச் சொல்லலாமாம். பவ்யா அதை அணைத்துவிட்டாள். "எழுத்த பாத்துகினே இருந்தா புள்ளிய எப்ப பாக்கறது? பழகிகினா தானா வரும், நைனா."

பழகுவதற்கு முன்னால் அந்தச் சாஃப்ட்வேர் ஒவ்வொரு நாளும் ஒன்று கேட்கும். கிடாரைச் சுருதி சேர்த்துக்கொள்கிறீர்களா என்று ஒரு முள் வைத்த படத்தைக் காட்டும். வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம். தினகரன் ஒரு நாளும் தயங்காமல் தாண்டினான். சாவித்திரி போட்டுக் கொடுத்த சுருதியை ஒரு லேப்டாப் வந்து சரிபார்ப்பதா? அவனுக்கு அது கிட்டத்தட்ட அவமரியாதையாகப் பட்டது.

முதல் புள்ளி மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து உட்கார்ந்தது. அது முதல் கம்பி, விரல் எதுவும் வைக்காமல் சும்மா மீட்டினால் போதும் என்று படம் போட்டிருந்தது. மீட்டினான். சிவப்பு. இன்னொரு தடவை மீட்டினான், சிவப்பு. பொறுமை போய் முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த முதல் தகட்டுக்குள், விரலை அழுத்தி மீட்டினான். பச்சை.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு யாரையாவது கேட்டிருப்பான். தினகரனுக்கு ஒரு பழைய பேச்சு ஞாபகம் வந்து தொலைத்தது. குழுவில் முன்பு வயலின் வாசித்த பச்சையப்பன் முறையாகப் படித்தவர். அவர் ஒரு நாள் டீக்கடையில், "கிடாருக்கு மட்டும் எழுதறது ஒண்ணு, கேக்கறது ஒண்ணு, தெரியுமா?" என்று சொன்னார். அவர் சொன்னது ஸ்தாயியைப் பற்றி. கிடாருக்கு எழுதுவதைக் காட்டிலும் ஒரு ஸ்தாயி கீழேதான் அது ஒலிக்கும். அவ்வளவுதான் விஷயம். தினகரனுக்கு அது முழுசாகப் புரிந்திருக்கவில்லை, வாக்கியம் மட்டும் மனசில் தங்கியிருந்தது. "ஓகோ, இதான் அது" என்று தொடையைத் தட்டிக்கொண்டான். எழுதியிருப்பதைக் காட்டிலும் ஒரு ஃப்ரெட் தள்ளி வாசிக்க வேண்டும், வெள்ளைக்காரன் கணக்கு அப்படி. படத்தில் போட்டிருப்பது எழுத்துக் கணக்கு, பச்சை காட்டுவதுதான் கேட்கிற கணக்கு. முடிந்தது விவகாரம்.

ஒரு ஃப்ரெட் என்றால் அரைக்கட்டை, எதற்கு அதைத் தள்ள வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியவில்லை. கிடார் அரைக்கட்டை இறங்கியிருக்கிறது என்பது அவன் மறந்துபோன ஒரு விஷயம்கூட இல்லை. கண்ணாடி போட்டவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அது மாதிரி. அவனுக்கு அதுதான் கிடார்.

வேலைக்குப் போகும் முன் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம் என்று உட்கார்ந்தான். சாவித்திரி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டோ, சும்மா சாய்ந்துகொண்டோ திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிவப்பு வந்தால் "ச்சு" கொட்டுவாள். பச்சை வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், அடுத்த கீரைத்தண்டை எடுப்பாள். மாதங்கள் போகப் போகச் சிவப்பு அரிதாகிவிட்டது. கோட்டுக்கு மேலும் கீழும் எங்கே புள்ளி வந்து உட்கார்ந்தாலும் விரல் தானாகப் போய் நின்றது. அந்த வயதில் ஒரு புது எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய சந்தோஷம்! கம்பெனிக்குப் பஸ்ஸில் போகும்போது மின்கம்பியில் காக்கா உட்கார்ந்திருந்தால்கூட அது கோட்டில் புள்ளியாகத் தெரிந்து, அவன் விரல் தொடையில் அதை வாசித்தது. ஒரே ஒரு சின்னக் குறை. விரல் வைக்காமல் சும்மா மீட்டுகிற சந்தர்ப்பமே ஒரு பாடத்திலும் வரவில்லை. விரல் நுனியெல்லாம் வலித்தது. வெள்ளைக்காரனுக்கு விரல் கெட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளும் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. "கிடாரை எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றாள் சாவித்திரி. பழைய உறை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, அதன் மேல் குழுவின் பெயரும் போன் நம்பரும் பெரிசாக ஒட்டியிருந்தது. "அங்கயே கீதாம்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினான்.

சங்கீத அறையில் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டிக் கிடார்கள் வரிசையாகத் தொங்கின. கிருஷ்ணப்பிரியா பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கம்பிகள் கொஞ்சம் விறைப்பாக இருப்பதுபோல் பட்டது. பதற்றத்தில் எல்லாமே விறைப்பாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டான். எதிரே ஸ்டாண்டில் ஒரு தாள். பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாப் புள்ளியும் தெரிந்த முகங்கள். "நான் கீபோர்டுல கூட வாசிக்கிறேன். ஒண்ணு, ரெண்டு..." என்று அவள் தொடங்கினாள்.

முதல் சுரமே கீபோர்டோடு முட்டிக்கொண்டது. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தக் காதுக்கு. நிறுத்தினான். "சாரி மேடம்." மறுபடி தொடங்கினார்கள், மறுபடி முட்டியது. மூன்றாவது முறை, முட்ட முட்ட விடாமல் நாலு வரி வாசித்துப் பார்த்தான். ஒரு இடத்திலும் ஒட்டவில்லை. பள்ளிக்கூட அறை, ஃபேன் ஓடுகிறது, ஒரு பெண்மணி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டோர் ரூமுக்கு ஓடிப் போய் நட்டு போல்ட்டு நடுவே உட்கார்ந்துகொள்ளலாம்போல் இருந்தது.

கிருஷ்ணப்பிரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க தனியா வாசிங்க சார்." வாசித்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்: "ஏன் சார் ஒரு இடத்துலகூட ஓப்பனா மீட்டவே இல்ல? இதுல பாதி சுரம் விரலே வைக்காம வாசிக்கிறதுதான். நீங்க ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஒரு ஃப்ரெட் தள்ளி வாசிக்கிறீங்க. தாளம் சரி, வரிசை சரி. படிக்கிறது சரியாத்தான் படிக்கிறீங்க. வீட்ல உங்க கிடார் எந்தச் சுருதியில இருக்கு?"

திருநின்றவூர் கோயிலும், ஆவடி மண்டபமும், திரும்பிப் பார்த்த ஒரு முகமும் மொத்தமாக வந்து எதிரே நின்றன.

"அரைக்கட்டை கம்மி மேடம்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல மனுஷி. "பசங்க கிடார் எல்லாம் இந்தச் சுருதியிலதான் சார் இருக்கும். உங்களுதை ஏத்தி வச்சு, விரலை மட்டும் மாத்திப் பழகிட்டு வாங்க. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்து வாசிச்சுக் காட்டினாப் போதும். உங்க காது இருக்கே, அதை யாரும் கத்துக்கொடுக்க முடியாது. அதுக்காகவே காத்திருக்கேன்."

வேலை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பூந்தமல்லியிலிருந்து வருகிற வழியெல்லாம் அவனுக்கு வேறு ஒன்றுதான் உறுத்தியது. சுருதியை ஏற்றி வைப்பது என்றால் சாவித்திரியின் ம்ம் இனி உதவாது. அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இத்தனை மாத உழைப்பு கோணலாகப் போனதற்கு உன் ம்ம்தான் காரணம் என்று சொன்னதாகவும் ஆகும். அதைக் கேட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒரு சுரத்தையும் மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்த் துணி மடிப்பாள். அதை நினைத்ததும் அவனுக்குப் பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தினார், தூசு என்று நினைத்து.

வீட்டுக்கு வந்து, "அப்புறம் சொல்றேன்னாங்க" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சாஃப்ட்வேரின் அந்த முள் படத்தை முதல் தடவையாகத் திறந்தான். முதல் கம்பியை முறுக்கினான். முள் நகர்ந்து நடுவில் வந்து நின்று பச்சை காட்டியது. கம்பி யார் வீட்டுக் கம்பியோபோல் ஒலித்தது. கேட் சத்தம் கேட்டதும் திருட்டுத்தனம் பண்ணியவன் மாதிரி மளமளவென்று இறக்கி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு தினமும் உட்கார்ந்து பழைய தப்பையே மும்முரமாக வாசித்தான். எல்லாம் பச்சை. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பவ்யாவிடம் மட்டும் போனில் உளறினான். "அம்மாண்ட சொல்லிட வேண்டிதான நைனா, இதுல இன்னா கீது?" என்று அவள் கேட்டாள். "வாணாம். நீயும் சொல்லாத" என்றான். பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும், அப்பா சொல்லாதே என்று சொன்னதை ஒரு பெண் எவ்வளவு நேரம் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாள் என்று.

வேலை கிடைத்ததா என்று தவிக்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், கிடைத்தது. இப்போது அவன் பகலில்தான் கிடார் வாசிக்கிறான். சொல்ல வந்தது அதை இல்லை, பவ்யாவிடம் பேசிய மறுநாள் சாயங்காலத்தை.

அவன் கம்பெனியிலிருந்து வந்தபோது சாவித்திரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த முள். கிடார் அவன் உட்காரும் இடத்தில் தயாராகச் சாய்த்து வைத்திருந்தது.

"உக்காருங்க" என்றாள். "என் தொண்டைக்காகக் கம்பியை இறக்கி வச்சீங்க, சரி. நான் பாடறதை விட்டு எவ்வளவு காலமாச்சு? இன்னும் யாருக்காக இறக்கி வச்சிருக்கீங்க?"

"அதுக்கில்ல சாவித்திரி..."

"வேற எதுக்கு? வேலை போயிடும்னுகூடத் தோணலையா உங்களுக்கு? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, சொன்னா உடைஞ்சு போயிடுவேனா?"

தினகரன் தரையைப் பார்த்தான். "ஏத்தி வச்சா நீ ம்ம் போட மாட்டியே" என்றான். "உன் வாயிலேர்ந்து அது ஒண்ணுதான் வந்துகினு கீது. அதுவும் நின்னு போச்சுன்னா இந்த ஊட்ல நான் இன்னா கேக்கறது?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பைத்தியம்" என்றாள். எத்தனையோ விதமாகச் சொல்லக்கூடிய சொல், அவள் அதை மிக மெதுவாகச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, வாயை மூடிக்கொண்டு ம்ம் போட்டாள்.

முள் இடது பக்கம் போய் நின்றது. அரைக்கட்டை கம்மி. அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். நடுவில் கரகரத்து அறுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பிடித்தாள். முள் ஆடியது, தாண்டியது, திரும்பி வந்தது, நடுவில் நின்றது. பச்சை. மூச்சு இருக்கிற வரை பிடித்துக்கொண்டு, கையால் அவனிடம் சைகை காட்டினாள், இதுக்கு வைங்க என்று. அவன் முதல் கம்பியை அதற்குச் சேர்த்தான். மற்ற ஐந்தும் அதைப் பார்த்துச் சேர்ந்தன.

"இப்ப வாசிங்க" என்றாள்.

பாடம் ஆரம்பித்தது. புள்ளி வந்து நடுக்கோட்டில் உட்கார்ந்தது. தினகரனின் விரல் பழைய இடத்துக்கு ஓடியது. சிவப்பு. அவன் விரலை எடுத்துவிட்டு, அடுத்து எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்து "ம்ம்" என்று வந்தது. புள்ளி பச்சை ஆகிவிட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். அவளுக்கே ஆச்சரியம். அந்தச் சாஃப்ட்வேருக்குக் கிடாரும் ஒன்றுதான், மாயவரத்துப் பெண்ணின் தொண்டையும் ஒன்றுதான், சுரம் சரியாக இருந்தால் சரி. இத்தனை மாதமும் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே! எந்தப் புள்ளிக்கு எந்த ஒலி என்பது அவள் காதில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் விரல்தான் தப்பாகப் படித்திருந்தது. ஒலி ஒரு நாளும் தப்பாக வந்ததில்லை.

அடுத்த புள்ளி. "இருங்க, நான்" என்றாள். இந்தத் தடவை வாயைத் திறந்தாள். "ஆ" என்று வந்தது, கரடுமுரடாக, பாதி காற்றாக. பச்சை. அவன் அந்த ஒலியைக் கம்பியில் தேடிக் கண்டுபிடித்து மீட்டினான். இன்னொன்று வந்தது. அவள் பாடினாள், அவன் தேடினான். கோட்டின் படிகளில் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. அவளும் விடாமல் கூடவே ஏறினாள். ஒரு இடத்தில் குரல் பிளந்து சிவப்பு வந்தது. இப்போது எழுந்துவிடுவாள், துணியை எடுப்பாள் என்று நினைத்தான்.

"சிவப்பு காட்டறான் பாருங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள். சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவை கேக்கட்டும், விட மாட்டேன்" என்றாள்.

தினகரன் கம்பியிலிருந்து கையை எடுத்துக் கிடாரின் மேல் வைத்துக்கொண்டான். வாசலில் யாரோ பால் பாக்கெட்டுக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த புள்ளிக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.